அணங்கும் எல்ஃபும்: காப்பியங்களில் மற்றையோர்

மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசி வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்து, "அம்மா, நம்ம இலக்கியத்துல எல்ஃப் உண்டா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் உடனே விடை சொல்லவும் இயலவில்லை. அவன் மேசைமேல் கிடந்தது சிவகாசியில் அச்சாகும் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று.

தீப்பெட்டிக்கும் வெடிக்கும் ஒட்டுப்படம் அச்சிடுவதற்கென வளர்ந்த அச்சுத்தொழில், நாட்காட்டிகளில் தெய்வங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அதே ஊரிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. அண்மை ஆண்டுகளில் தோர்கல் போன்ற வடபுலக் கதைகளும் அவ்வழியே தமிழுக்கு வந்துள்ளன. ஆகவே ஐரோப்பாவின் வடகோடித் தொன்மம் நம் கரிசல் மண்ணின் பிள்ளைகளுக்குப் புதியதன்று. நம்முடைய தொன்மம்தான் அவர்களுக்குப் பாடத்திட்டமாகச் சுருங்கிவிட்டது.

அம்மாணவனின் வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. தேடிய வழியில், என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் உறுதியாக எழுதிய ஒரு முடிவை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அதனை மறையாமல் சொல்வதே முறை என்று கருதுகிறேன்.

எல்ஃப் யார்?

இன்றைய இளைஞர் அறிந்த எல்ஃப், ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் படைத்த எல்ஃப். 1937இல் வெளிவந்த 'ஹாபிட்', 1954-55இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஆகிய நூல்களில் எல்ஃபுகள் உயரமானவர், அழகர், மூப்பறியாதவர், பாட்டில் வல்லவர். ஆனால் டோல்கீன் இவர்களை வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. அவர் பழைய ஆங்கிலமும் பழைய நார்ஸ் மொழியும் கற்பித்த மொழியறிஞர். தம் கதையில் வரும் குள்ளர் பெயர்களுள் பெரும்பாலானவற்றை 'வோலுஸ்பா' என்னும் பழம்பாடலின் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுத்தார். கண்டால்ஃப் என்ற முதியவனின் பெயரும் அப்பட்டியலில் உள்ளதே. அப்பெயரின் பின்பகுதி 'ஆல்ஃப்', அதாவது எல்ஃப்.

பழைய எல்ஃப் இத்துணை இனியவன் அல்லன். திடீரென விலாவில் குத்தும் வலியை எல்ஃபின் அம்பு பாய்ந்ததாகக் கருதி ஓதிய மந்திரப்பாட்டு ஒன்று பழைய ஆங்கிலத்தில் எஞ்சியுள்ளது. அக்கால மருத்துவச் சுவடிகளில் 'எல்ஃப் நோய்' என்றே ஒரு நோய்க்கு மருந்து கூறப்பட்டுள்ளது. பேவுல்ஃப் காப்பியத்தை ஏட்டில் எழுதிய கிறித்தவ உலகம், எல்ஃபுகளை அரக்கரோடு சேர்த்துத் தம்பியைக் கொன்ற காயினின் வழித்தோன்றல்கள் என்று தள்ளி வைத்தது. எனினும் அதே மொழியில் பேரழகியைக் குறிக்க 'எல்ஃபின் ஒளியுடையாள்' என்ற பொருள்படும் சொல் வழங்கியது. ஆல்ஃபிரட் என்னும் அரசப் பெயருக்கு 'எல்ஃபின் அறிவுரை' என்பது பொருள். நோய் தருபவனும் அவனே; அழகுக்கு உவமையும் அவனே; அரசனுக்கு மதி உரைப்பவனும் அவனே. 1220ஆம் ஆண்டையொட்டி ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டர்லுசன் தம் 'எட்டா' நூலில் ஒளி எல்ஃப், இருள் எல்ஃப் என இருவகை கூறியதும் இம்முரணைப் பகுத்துக் காட்ட முயன்றதாகலாம்.

அணங்கின் இருமுகம்

இந்த முரணைப் படித்தபோது என் நெஞ்சில் எழுந்த தமிழ்ச்சொல் 'அணங்கு'. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன் நான்கு என வகுக்குமிடத்து முதலில் வைப்பது அணங்கையே. விலங்கும் கள்வரும் இறைவனும் அதற்குப் பின்னரே வருகின்றனர். திருமுருகாற்றுப்படையில் மலைச்சாரலில் கூடிப் பாடி ஆடும் சூரரமகளிர் வருகின்றனர். அவர்தம் அழகை விரித்துப் பாடும் புலவர், பெயரிலேயே 'சூர்' என்னும் அச்சத்தை வைத்துவிடுகிறார். கொல்லிமலைப் பாவையோ மலைவளத்துக்கும் மகளிர் அழகுக்கும் சங்கப் புலவர்க்கு உவமையாயிற்று. வள்ளுவரும் காமத்துப்பாலைத் தகையணங்குறுத்தல் என்ற அதிகாரத்தில்தான் தொடங்குகிறார்; கண்டவளைப் பெண்ணோ அணங்கோ என்று தலைவன் மயங்குவதே அதன் முதற்குறளின் பொருள்.

எல்ஃப் நோய்க்கும் இங்கே இணை உண்டு. தலைவி மெலிந்தால் அன்னை அதனை முருகு அணங்கியதாகக் கொண்டு வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவாள். ஆனால் தோழி உண்மை அறிவாள். சில பாடல்களில் வேலனையே எள்ளி நகுவாள். நோய்க்குக் காரணம் மலைத்தெய்வம் அன்று, மலைநாட்டுத் தலைவன். ஆங்கில மருத்துவச் சுவடி எல்ஃப் நோய்க்கு மூலிகை தேடிற்று. சங்கப் புலவர் அணங்கு நோய்க்குள் ஒரு மனிதக் கதையைக் கண்டார். நம்பிக்கையை அழிக்காமலும் அதற்கு அடிமையாகாமலும் கவிதை செய்த இந்தச் செயலைக் கவிஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

அணங்கு என்பது தொடக்கத்தில் ஓர் இனமன்று. ஓர் இடத்தின் ஆற்றல். சுனை, சாரல், மரம், முன்றில் இவற்றில் உறைவது. எங்கள் பாட்டி, "உச்சிப் பொழுதுல தலைய விரிச்சுப்போட்டுக் கெணத்துப் பக்கம் போகாத தாயி" என்று எச்சரித்தபோது அவரையறியாமலே தொல்காப்பியர் சொன்ன முதல் அச்சத்தை எனக்குக் கற்பித்தார்.

வழிமறித்தவளும் பாசம் ஏந்தியவனும்

இடத்தின் ஆற்றலாக இருந்தவர்கள் காப்பியத்துள் நுழைந்ததும் பேசத் தொடங்குகின்றனர். டென்மார்க்கு நாட்டுக் கதைப்பாடல் ஒன்றில், மணநாளுக்கு முன் குதிரையேறிச் செல்லும் ஓலுஃப் என்னும் வீரனை எல்ஃப் மகளிர் ஆட அழைக்கின்றனர். அவன் மறுக்கிறான், அவர்கள் தாக்க, வீடு திரும்பி இறக்கிறான். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலும் இத்தகைய வழிமறிப்பு உண்டு. மதுரை செல்லும் வழியில் நீர் கொணரச் சென்ற கோவலன்முன், அவன்மீது வேட்கை கொண்ட வனசாரிணி, மாதவியின் தோழி வயந்தமாலையின் வடிவில் வந்து நிற்கிறாள். ஐயுற்ற கோவலன் மந்திரம் ஓதுகிறான். அவளோ தாக்கவில்லை. தான் யார் என்பதை ஒப்புக்கொண்டு, இச்செய்தியைக் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் சொல்லாதே என்று வேண்டிச் செல்கிறாள். டேனிய எல்ஃப் மகள் பழி தீர்த்தாள். இளங்கோவின் வனமகள் நாணினாள். நாணம் மக்கட்பண்பு. அதனை ஒரு காட்டுத் தெய்வத்துக்குத் தந்தது காப்பியத்தின் உளப்பாங்கு.

புகாரின் சதுக்கப்பூதமும் அவ்வாறே. பொய்த்தவ வேடத்தாரையும் பொய்க்கரி புகல்வோரையும் பாசத்தாற் கட்டி உண்ணும் பூதம் அது. கற்புடையாள் ஒருத்திமேல் பொய்க்கரி சொன்னவனை அது பற்றியபோது, அவன் தாயின் அழுகை பொறாத கோவலன் தன்னுயிரைக் கொண்டு அவனை விடுமாறு வேண்டியதாக அடைக்கலக் காதை கூறுகிறது. பூதம் இசையவில்லை. கீழோன் உயிருக்கு ஈடாக மேலோன் உயிரைக் கொள்ளும் முறை இல்லை என்று காரணம் கூறி மறுத்தது. உண்பதற்கு நின்ற பூதம் அறம் உரைத்து நிற்கிறது.

பின்னாளில் செயங்கொண்டாரின் பேய்கள் காளியிடம் பசி முறையிடும், போர்க்களத்தில் கூழ் அடும், பங்கிடுகையில் வழக்கிடும். காரைக்கால் அம்மையாரோ தம்மைப் பேய் என்றே தம் பதிகத்தில் குறித்துக்கொண்டார். மற்றையோரைப் பற்றிப் பாடுவது ஒருநிலை. மற்றையோராகவே நின்று பாடுவது வேறொரு நிலை. பெண்ணாகிய ஒரு கவி அந்நிலையை ஏறத்தாழ 1500 ஆண்டுகட்கு முன்பே எய்தினார்.

தோற்ற இனமா, தொன்மமா?

இனி என் திருத்தத்துக்கு வருகிறேன்.

மணிமேகலையில் நாகர் வருகின்றனர். அவர்க்கு நாடுண்டு, வளைவணன் என்னும் அரசனும் வாசமயிலை என்னும் அரசியும் உண்டு. அவர்தம் மகள் பீலிவளை சோழனோடு கூடிப் பெற்ற குழந்தை கடலில் கலம் கவிழ்ந்து காணாமற்போக, அத்துயரில் அரசன் இந்திரவிழாவை மறக்க, புகார் நகரைக் கடல்கொண்டது என்பது காப்பியக் கதை. மணிபல்லவத்தில் புத்தர் பீடிகைக்காகப் போரிட்ட நாக அரசர் இருவரைப் பற்றிய செய்தியும் உண்டு. இலங்கையின் மகாவம்சமும் மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் மணியிருக்கைக்காகப் போரிட்டதைக் கூறும். விசயன் வந்திறங்கியபோது இயக்கர் குலப் பெண் குவேனியை மணந்ததையும், பின்பு அவளைக் கைவிட்டதையும் அந்நூலே பேசுகிறது.

உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். அடுத்து 1904இல் வெளிவந்த வி.கனகசபைப் பிள்ளையின் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்' என்ற ஆங்கில நூல் நாகரை இந்நாட்டின் பழைய இனத்தார் என்று கொண்டு வரலாறு வகுத்தது. பழைய நூல்களைச் சான்றாக மதித்த அந்த முயற்சியின் அருமையை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் அதே காலத்து ஐரோப்பாவிலும் இதே போக்கு இருந்தது என்பதை நான் பின்னரே அறிந்தேன். டேவிட் மக்ரிட்சி 1890இல் வெளியிட்ட நூலில், ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளின் குறுந்தெய்வங்கள் அங்கு வாழ்ந்து தோற்ற குள்ள இனத்தாரின் நினைவே என்று வாதிட்டார். இனம் இனமாக மாந்தரைப் பகுத்து அளந்த பேரரசுக் காலத்தின் கண்ணாடி அது. அக்கண்ணாடி வழியே பார்த்தவர்க்கு வடக்கே எல்ஃபும் தெற்கே நாகரும் ஒரே வகைப் 'பழங்குடி'யாகத் தெரிந்தனர்.

என் ஆய்வேட்டில் நாகர், இயக்கர் இருவரையும் ஐயமின்றி வரலாற்று இனங்களாகவே எழுதினேன். எந்த ஊரில் எந்தக் கரையில் அவர் வாழ்ந்தனர் என்று தேடுவதிலேயே ஓர் இயலைச் செலவிட்டேன். காப்பியத்தில் நாகர் பேசிய பேச்சை ஓரிடத்திலும் நான் ஆராயவில்லை.

இதனை எனக்கு உணர்த்தியது டோல்கீன் 1936இல் பிரித்தானியக் கழகத்தில் ஆற்றிய பேவுல்ஃப் பற்றிய உரை. அறிஞர் பலர் அக்காப்பியத்தை வரலாற்றுச் சுரங்கமாகத் தோண்டினர். நடுவே நிற்கும் அரக்கரையும் நாகப்பாம்பையும் குறையென்று ஒதுக்கினர். உண்மையில் அரக்கரே அக்காப்பியத்தின் உயிர் என்பது அவர் வாதம். அதைப் படித்தபோது என் ஆய்வேட்டைப் படித்துவிட்டே அவர் பேசியதுபோல இருந்தது. நாகர்க்குப் பின்னே வாழ்ந்த மாந்தர் இருந்திருக்கலாம். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் நாகரை ஓர் இனத்தின் தடயமாக மட்டும் படிப்பவர் சாத்தனாரைப் படித்தவராகார்.

நாகர் மொழி அறிந்தவன்

சாத்தனார் சொன்னது என்ன? கணிகையிடமும் சூதிலும் பொருளிழந்த சாதுவன் வணிகரோடு கலமேறுகிறான். கலம் உடைகிறது. முறிந்த மரத்தைப் பற்றி நக்க சாரணர் வாழும் மலையை அடைந்து, சோர்ந்து ஒரு மரத்தடியில் உறங்குகிறான். ஆடையற்ற அந்நாகர் அவனை இரையாகக் கண்டு எழுப்புகின்றனர். அவன் அவர்கள் மொழியில் பேசுகிறான். அவ்வளவே; கொல்ல வந்தவர் விலகித் தொழுது நிற்கின்றனர். வாளோ மந்திரமோ அவனைக் காக்கவில்லை. மொழி காத்தது.

அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கள் காய்ச்சும் பானையும் புலால் நாற்றமும் உலரும் எலும்பும் சூழத் தலைவன் இருக்கிறான். விருந்தினனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் தரச் சொல்கிறான். சாதுவன் மறுக்க, அவையில்லாமல் வாழ்வில் பயன் என்ன என்று தலைவன் வினவுகிறான். உயிர் வேறு, உடல் வேறு. செய்த வினை உயிரைத் தொடரும் என்று சாதுவன் விடை கூறுகிறான். தலைவன் சிரிக்கிறான், உடம்பை விட்டு உயிர் வேறிடம் புகுவது எங்ஙனம் என்று மடக்குகிறான். இறந்த உடலைச் சுட்டாலும் உணர்வதில்லை. ஆகவே உணர்ந்த ஒன்று அதைவிட்டுச் சென்றிருக்கவேண்டும் என்கிறான் சாதுவன். இறுதியில் தலைவன் கேட்கும் கேள்வியே இக்காதையின் சிகரம்: கள்ளும் ஊனும் இன்றி எங்களால் வாழ இயலாது, எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல். சாதுவனும் இயலாததைக் கேட்கவில்லை. கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாதீர். மூத்துத் தாமே இறந்த விலங்கையன்றிப் பிறவற்றை உண்ணாதீர் என்றான்.

மனிதரை உண்போன் இங்கே வினவுகிறான், சிரிக்கிறான், வாதிடுகிறான், தன் எல்லையைச் சொல்லி அறம் கேட்கிறான். டோல்கீனும் தம் எல்ஃபுகளுக்கு முதலில் மொழிகளையே ஆக்கினார்; மொழிகளுக்கு உலகம் வேண்டியே கதை பிறந்தது என்று கடிதத்தில் எழுதினார். ஆனால் பேவுல்ஃபிலிருந்து சொல்லெடுத்து அவர் படைத்த ஆர்க்கு என்னும் கொடிய கூட்டத்தாருக்கு மீட்சி உண்டா என்ற வினா அவரைப் பிற்காலம் வரை உறுத்தியது. சாத்தனார் அவ்வினாவைத் தவிர்க்கவில்லை. கம்பநாடரும் வானரன் ஒருவனைச் சொல்லின் செல்வனாக அன்றோ இராமன்முன் நிறுத்தினார்! மற்றையோரை மக்களாக்குவது பேச்சு. அப்பேச்சைக் கேட்கும் செவி இல்லாதபோதுதான் அவர் பேயாகவும் அரக்கராகவும் எஞ்சுகின்றனர்.

வீட்டுக் கன்னி

எல்ஃபுக்கு இன்னொரு வேரும் உண்டு. அது இறந்தோரிடம் செல்கிறது. நார்வேயில் கெய்ர்ஸ்தாத் என்னுமிடத்தில் புதைமேட்டில் அடக்கமான ஓலாவ் என்னும் சிற்றரசன், 'கெய்ர்ஸ்தாத் எல்ஃப்' என்ற பெயரில் வழிபடப்பட்டான். 1018ஆம் ஆண்டையொட்டிச் சிக்வாட் என்னும் அவைக்களப் புலவன் சுவீடன் நாட்டில் பயணம் செய்தபோது, ஒரு வீட்டு வாயிலில் பெண்ணொருத்தி அவனை உள்ளே வராதே என்று தடுத்தாள். உள்ளே எல்ஃபுகளுக்குப் படையல் நடந்துகொண்டிருந்தது. அது குடும்பத்தார்க்கு மட்டும் உரியது. இரவில் இடமின்றி அலைந்த புலவன் அதனையே பாட்டாக்கினான்.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கும் ஓலைப்பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு. என் தந்தையின் தமக்கை, பன்னிரண்டு வயதில் 1961ஆம் ஆண்டு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போன இடத்தில் நேர்ந்த தீயில் இறந்தவர். அவர் எங்கள் வீட்டுக் கன்னி. ஆண்டுக்கொருமுறை பங்காளிகள் மட்டும் கூடிப் புதுத்துணி வைத்துக் கும்பிடுவர். பழைய துணியை வீட்டுப் பெண்பிள்ளைகள் உடுத்துவர். நானும் உடுத்தியிருக்கிறேன். ஆனால் முனைவர் பட்டம் பெற்று நாகநாட்டு எல்லைகளை ஆராய்ந்த எனக்கு, அத்தையின் பெயர் நாற்பது வயது வரை தெரியாது. 'கன்னி' என்றே அழைத்தோம். தெய்வமாக்கிய அன்றே பெயரை எடுத்துவிட்டோம். அவர் என்ன பேசுவார், எதற்குச் சிரிப்பார் என்று நான் கேட்டதே இல்லை. சென்ற ஆண்டு கேட்டேன். என் தந்தை நெடுநேரம் பேசாதிருந்து, "நல்லாக் கதை சொல்லுவா" என்றார்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதியில் இத்தகைய ஓலைப்பெட்டிகள் எத்தனையோ. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. செய்தித்தாள் எண்ணிக்கையைச் சொல்லும். வீடு தெய்வமாக்கிக் கும்பிடும். எண்ணிக்கைக்கும் தெய்வத்துக்கும் இடையே அவர் பேசிய பேச்சு விழுந்துவிடுகிறது. முன்னோர் போரில் மாய்ந்தார்க்கு நடுகல்லில் பெயரும் பீடும் எழுதினர். நம் காலத்தில் கருமருந்தில் மாய்ந்தார்க்கு அது செய்யப்படவில்லை.

மாணவனுக்கு அடுத்த வாரம் விடை சொன்னேன். உண்டு, மலையில் உண்டு, காப்பியத்தில் உண்டு, நம் வீட்டுப் பரணிலும் உண்டு என்றேன். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் ஒரு கன்னி இருக்கும்மா" என்றான். பெயர் என்ன என்றேன். தெரியாது என்றான். கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.

நம் வட்டத்துக் கவிஞர்களிடமும் அதனையே வேண்டுகிறேன். இந்தப் பத்தாண்டில் அணங்கையும் பேயையும் உவமையாக்கி நாம் பாடிய கவிதைகள் பல. வரும் ஆண்டுகளில் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கன்னியின் பெயரையும், அவர் பேச்சில் எஞ்சிய இரண்டொரு சொல்லையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். கேட்டுச் சொல்ல இருக்கும் முதியோர் சிலரே. சாதுவன் நாகர் மொழியைக் கற்றிருந்தான். அதனால் இரு தரப்பாரும் பிழைத்தனர். நம் வீட்டுக் கன்னியரின் மொழியோ நம் தாய்மொழியே.